கைடு நிற்காத ரம்பம்

ஒரு வார்த்தை கேட்டால் ஒரு வார்த்தையில் பதில் சொல்கிற மனுஷன் இந்தக் காலத்தில் எவனும் கிடையாது என்பது இராஜாங்கத்தின் தீர்மானம். முன்பெல்லாம் வயலுக்குத் தண்ணீர் ஏறிவிட்டதா என்று கேட்டால் ஏறிவிட்டது, ஏறவில்லை, இரண்டில் ஒன்றைச் சொல்வார்கள். இப்போது கேட்டால், துண்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு, தொண்டையைக் கனைத்து, "காவிரித்தாய் கரைபுரண்டு" என்று ஆரம்பிக்கிறார்கள். எல்லாம் பேசி முடித்துக் கீழே இறங்கினாலும் தண்ணீர் ஏறியதா என்பது தெரியாது. ரேஷன் கடையில் சீனி கேட்டால் பேச்சு. சொசைட்டியில் உரம் கேட்டால் பேச்சு. தாலுக்கா ஆபீஸில் மட்டும் 'நாளைக்கு வா' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். அந்த மட்டில் அவர்கள் மேல். வாய் சர்க்கரை, கை கருணைக்கிழங்கு என்று சும்மாவா சொன்னார்கள்.

அப்படிப்பட்டவருக்குத்தான் நாலு பேரிடம் போய் நிற்கிற காரியம் ஒன்று வந்து சேர்ந்தது. அவருக்கு ஒரு கதவு வேண்டியிருந்தது.

மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டி போகிற பாதையில், பஸ் வேகம் குறைக்காமல் தாண்டிப்போகிற ஊர் ஏழுகண் மதகு. அங்கே வாய்க்கால் ஓரமாக இராஜாங்கத்தின் குடிசை. பஞ்சநதம் பண்ணையில் அவருடைய அப்பன் ஆளாக இருந்தபோது போட்டது. குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று சர்க்கார் சட்டம் போட்டுச் சில வருஷங்கள் ஆகிவிட்டன. சட்டம் வந்தவுடனே பஞ்சநதமும் ஒரு மனு போட்டுவிட்டார். அது குடிசையே இல்லை, பண்ணையின் மாட்டுக்கொட்டகை. மாட்டுக்குக் காவலாக இவனை அங்கே படுக்கச் சொன்னோம், அவ்வளவுதான் என்று. மாட்டுக்கொட்டகைக்குப் பட்டா கிடையாது.

சித்திரையில் தாலுக்கா ஆபீஸிலிருந்து ஆர்.ஐ. வந்து எட்டிப் பார்த்தார். வாசலில் ஒரு கீற்றுத் தட்டி சாத்தியிருந்தது.

"வீடுங்கிறியே, நிலை எங்கய்யா? கதவு எங்க?"

"தட்டி இருக்குங்களே."

"தட்டி மாட்டுக்கொட்டாய்க்கும்தான் இருக்கு. அடுத்த தடவை வர்றப்ப நிலையும் கதவும் இருந்தா வீடுன்னு எழுதுறேன். இல்லன்னா கண்ணால பார்த்ததைத்தான் எழுத முடியும்."

திருட ஒன்றும் இல்லாத வீட்டுக்குக் கதவு எதற்கு என்று இராஜாங்கம் கேட்க நினைத்தார். கேட்டால் அதற்கும் ஒரு பேச்சு வரும் என்று விட்டுவிட்டார். இடிந்துபோன ஒரு பழைய வீட்டிலிருந்து நிலை ஒன்று கிடைத்தது, அதை வாசலில் நட்டாயிற்று. போன ஐப்பசிப் புயலில் மனையில் சாய்ந்த வேம்பை மன்னார்குடி மரவாடியில் பலகையாகப் பிளந்து வாங்கியாயிற்று. அந்தப் பலகைகளின் ஓரத்தை நேராக அறுத்து, ஒன்றோடொன்று சேர்த்துச் சட்டம் அடித்தால் கதவு. ஊரிலிருந்த ஒரே ஆசாரி, கூட்டுறவுப் பட்டறையில் தன்னை அங்கத்தினராகச் சேர்க்கவில்லை என்று கோபித்துக்கொண்டு குடவாசலில் மாமியார் வீட்டோடு போய்விட்டார். ஆக, அறுக்க அந்தப் பட்டறையை விட்டால் நாதியில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் ஆர்.ஐ. வருவார் என்று தலையாரி வந்து சொல்லிவிட்டுப் போனான். வெள்ளிக்கிழமை காலையில் இராஜாங்கம் பலகைகளைத் தலையில் சுமந்துகொண்டு பட்டறைக்குப் போனார். அதற்கு முன்னால் மூன்று நாளும் போனார். முதல் நாள் கரண்ட் இல்லை, மறுநாள் பெல்ட் இல்லை, மூன்றாம் நாள் கட்சி மாநாடு.

பட்டறையின் பெயர் 'தச்சுத் தொழிலாளர் கூட்டுறவுப் பட்டறை'. அதில் தலைவர் உண்டு, துணைத் தலைவர் உண்டு, கமிட்டி உண்டு. தச்சர் மட்டும் கிடையாது. வேலை தெரிந்த ஒரே ஆள், சம்பளத்துக்கு வைத்திருந்த நெய்னா முகம்மது. கூத்தாநல்லூர்க்காரர், நாகப்பட்டினத்தில் தொழில் படித்தவர், முப்பது வயசு இருக்கும். ஆளைப் பார்த்ததுமே இராஜாங்கத்துக்கு அவர்மேல் சந்தேகம் வந்தது. காரணம் ஒன்றும் இல்லை. யாரைப் பார்த்தாலும் வருவதுதான்.

"வெச்சுட்டு அப்படி ஒதுங்கி நில்லுங்க பெரியவரே. இது சிராய் தெறிக்கும்."

ரம்ப மேசை கொட்டகைக்கு நடுவில் இருந்தது. இரும்பு மேசை. நடுவில் கீறின சந்து வழியாக வட்ட ரம்பம் பாதி வெளியே தலையை நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் நீளமாக ஓர் இரும்புக் கட்டை. அதைக் கைடு என்றார் நெய்னா. பலகை அந்தக் கைடை ஒட்டிக்கொண்டுதான் ரம்பத்துக்குப் போக வேண்டும். கைடு எத்தனை விரல் தள்ளி நிற்கிறதோ அத்தனை விரல் அகலம் பலகைக்கு. மேசையின் முன்விளிம்பில் போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பட்டை ஒன்றின்மேல் கைடு இப்படியும் அப்படியும் நகரும். வேண்டிய இடத்தில் வைத்து லிவரை அமுக்கினால் பட்டையைக் கவ்விக்கொண்டு நிற்க வேண்டும்.

நெய்னா லிவரை அமுக்கினார். சுவிட்சைப் போட்டார். ரம்பம் ஊளையிட்டது. முதல் பலகை போயிற்று. வெளியே வந்ததை இராஜாங்கம் கையில் எடுத்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். தலைப்பக்கம் ஒரு சாண். வால்பக்கம் ஒரு சாணும் இரண்டு விரலும்.

"நான் கதவு கேட்டேன் தம்பி. நீ ஆப்பு சீவிக் குடுக்குறே."

நெய்னா சுவிட்சை அணைத்தார். ரம்பம் சுற்றி ஓயும்வரை காத்திருந்து, கைடை ஒரு விரலால் தள்ளினார். லிவர் அமுக்கியபடியே இருந்தது. கைடு, பெண் பார்க்க வந்தவன் பலகாரத் தட்டுப் பக்கம் நகர்வதுபோல நைசாக நகர்ந்தது.

"பூட்டு பிடிக்கல. பலகை தள்ளத் தள்ள இது விலகிப் போகுது."

"ஏன் பிடிக்கல?"

"பார்க்கணும். இதுக்கு மேல தள்ளினா பலகை திரும்பி வந்து என் வயித்துல ஏறும்."

அவர் குனிந்து பார்க்க ஆரம்பித்தார். லிவருக்கு அடியில் மரத்தூள் அடைந்து கிடந்தது. பிரஷ்ஷால் தட்டி, மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, அமுக்கிப் பார்த்தார். நகர்ந்தது. லிவருக்கு அடியில் இருந்த நட்டை ஸ்பேனரால் ஒரு சுற்று இறுக்கினார். இப்போது லிவரே கீழே இறங்க மாட்டேன் என்றது. பாதிச் சுற்றுத் தளர்த்தினார். இறங்கிற்று, ஆனால் கைடு நகர்ந்தது. சைக்கிள் டியூபில் ஒரு துண்டு வெட்டி இடையில் வைத்தார். கொஞ்ச நேரம் நின்றது. இராஜாங்கம் தன் பங்குக்கு ஒரு தள்ளு தள்ளினார். டியூப் துண்டு பிதுங்கிக் கீழே விழுந்தது.

"நீங்க ஏன் தள்ளுறீங்க?"

"பலகையும் தள்ளும்ல?"

நெய்னா தரையில் உட்கார்ந்து, அந்த இரும்புப் பட்டையைக் கண்ணளவில் வைத்து நோட்டம் விட்டார். பிறகு வாசலை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்.

"பெரியவரே, சமாச்சாரம் பெயிண்டுல இருக்கு."

மிஷின் வந்து இறங்கியபோது பட்டறையின் தலைவராக இருந்தவர் குஞ்சிதபாதம். திறப்பு விழாவுக்கு ஆளும் கட்சியின் கறுப்பையும் சிவப்பையும் மிஷின் முழுக்க அடித்தார்கள். எது அடிக்கலாம், எது அடிக்கக் கூடாது என்று பார்க்கவில்லை. லிவர் கவ்வுகிற பட்டைக்கும் சேர்த்துத்தான். பிறகு ஆட்சி மாறிற்று. கட்சி பிரிந்தபோது குஞ்சிதபாதத்தின் அக்காள் புருஷன் அமிர்தலிங்கம் அந்தப் பக்கம் போயிருந்தார். பட்டறைத் தலைவர் பதவி இப்போது அவருக்கு வந்தது. புதுக் கொடிக்கும் பழைய கொடிக்கும் வித்தியாசம் நடுவில் ஒரு வெள்ளை. அந்த ஒரு கோட்டை இழுத்துவிட்டால் போதும். ஆனால் அமிர்தலிங்கம் எதையும் குறைவாகச் செய்கிற ஆள் இல்லை. கறுப்பும் சிவப்பும் மறுபடி முழுசாக அடித்து, நடுவில் வெள்ளையை மட்டும் நல்ல எடுப்பாகத் தெரியவேண்டும் என்று மேலுக்கு மேல் அடிக்கச் சொன்னார். பட்டையின் நடுவில் அந்த வெள்ளை வரப்புப்போல மேடிட்டு நின்றது. கைடின் கவ்வி அந்த மேட்டில் மட்டும் உட்கார்ந்து ஆடிக்கொண்டிருந்தது.

"ரெண்டு கட்சிக்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான். அதுலதான் வழுக்குது" என்றார் நெய்னா.

"அப்ப சுரண்டு."

"சுரண்டிட்டு நான் கூத்தாநல்லூருக்கு நடந்துதான் போவணும். வேலை இருக்காது."

இராஜாங்கம் அந்தப் பட்டையைத் தடவிப் பார்த்தார். பெயிண்டு அவருக்கு நம்பும்படி இல்லை. பெயிண்டு என்ன செய்யும்? இரும்பை இரும்பு பிடிக்கவிடாமல் பண்ண ஒரு பூச்சுக்குத் துப்பு ஏது? இதில் வேறு ஏதோ இருக்கிறது.

"இந்தப் பெயிண்டு டப்பா யார் குடுத்தது?"

"பஞ்சநதம் ஐயா நன்கொடை. ரெண்டு தடவையும் அவர்தான் குடுத்தார்."

"ஆங்!" என்றார் இராஜாங்கம். முகமே மலர்ந்துவிட்டது. "ஏதோ கலந்து குடுத்திருக்கான். எனக்குக் கதவு வந்துடக் கூடாதுன்னு."

"நீங்க கதவு கேக்கறதுக்கு எவ்வளவோ முன்னாடியே அடிச்ச பெயிண்டு பெரியவரே!"

"உனக்கு அவனைத் தெரியாது. முன்கூட்டியே யோசிப்பான்."

மிஷின் சத்தம் நின்றுபோனால் எதிர் டீக்கடைக்கு அது தெரிந்துவிடும். முதலில் அமிர்தலிங்கம் வந்தார். ஒரு காலத்தில் அவர் இராஜாங்கத்தை 'ஏய்' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வார்டு தேர்தலில் நின்றதிலிருந்து 'பெரியவரே'.

"கதவு கேட்டு வந்த கண்ணியவானே! கரம் உழைத்துக் கறுத்தவரே! கழக ஆட்சியில் உமக்குக் கதவு அடைக்கப்படுமா?"

"அடைக்கத்தாங்க கதவு கேக்குறேன்" என்றார் இராஜாங்கம்.

நெய்னா நாலு வார்த்தையில் விஷயத்தைச் சொன்னார். பெயிண்டு என்ற வார்த்தை வந்ததும் அமிர்தலிங்கத்துக்குக் கண்ணியவானெல்லாம் மறந்துவிட்டது.

"வெள்ளையச் சுரண்டணுமா? என்ன பேசுறே நெய்னா? சுரண்டினா மிச்சம் என்ன தெரியும்? அவன் கொடி தெரியும்! அடுத்த வாரம் மாவட்டம் வர்றார். பட்டறைக்குள்ள வந்து பார்த்துட்டு, 'என்னய்யா இது, இன்னும் அவங்க ஆட்சி நடக்குதா?'ன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"கைடு நிக்கலைங்கன்னு சொல்லலாங்க" என்றார் நெய்னா.

"கைடு நிக்காட்டி என்ன, கொள்கை நிக்குதுல்ல?"

டீக்கடையிலிருந்து குஞ்சிதபாதம் டம்ளரோடு வந்துவிட்டார். தலைவர் பதவி போனதிலிருந்து அவருக்கு அதுதான் ஆபீஸ்.

"என்ன மச்சான், மிஷின் படுத்துடுச்சா? எங்க காலத்துல கைடு மலை மாதிரி நின்னுச்சு."

"உங்க காலத்துல மிஷினுக்குக் கரண்டே வரலியே மாப்ளே. நிக்காம ஓடவா செய்யும்?"

"கரண்ட் வராட்டியும் ஒழுங்கா நின்னுச்சா இல்லையா? நெய்னா, நான் சொல்றேன். அந்த வெள்ளையை மட்டும் சுரண்டு. பிடிச்சுக்கும். இந்த நாட்டுக்கே அந்த வெள்ளைதான் கேடு."

"தொட்டுப் பாரு!" என்று அமிர்தலிங்கம் மேசைக்கு முன்னால் போய் நின்றார்.

இராஜாங்கம் வெயிலைப் பார்த்தார். உச்சி தாண்டி நிழல் கிழக்கே சாயத் தொடங்கிவிட்டது. "ஐயா, சாயங்காலத்துக்குள்ள ஆர்.ஐ. வந்துடுவாருங்க. கதவு இல்லன்னா மாட்டுக்கொட்டாய்னு எழுதிட்டுப் போயிடுவாரு. நான் அப்புறம் மாடாத்தான் இருக்கணும்" என்றார்.

அது கொஞ்சம் உறைத்தது. ஏழுகண் மதகில் குடிமனை வாங்கிக்கொடுத்தது நாங்கள்தான் என்று இரண்டு பேருமே மேடையில் சொல்லியிருக்கிறார்கள். மனை கிடைக்காமல் போனால் இரண்டு பேருக்கும் நஷ்டம். அமிர்தலிங்கம் யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார்.

"சரி. கவ்வி படுற இடத்துல மட்டும் சுரண்டு. ஒரு விரக்கடை. அதுவும் வெள்ளையை மட்டும் சுரண்டினா விட மாட்டேன். அடியில இருக்கிற அவன் கறுப்பு சிவப்பையும் சேர்த்துச் சுரண்டணும். இரும்பு தெரியணும். யார் கொடியும் தெரியக் கூடாது."

"அது எப்படி?" என்று குஞ்சிதபாதம் டம்ளரைக் கீழே வைத்தார். "எங்க பெயிண்டு என்ன பண்ணுச்சு? தப்புப் பண்ணது உன் வெள்ளை. தண்டனை எங்களுக்கா? இது ஜனநாயகமா?"

"அப்ப ரெண்டும் இருக்கட்டும்."

"இருக்கட்டும்."

"ஐயா, கதவுங்க..."

"இருய்யா, பேசிக்கிட்டிருக்கோம்ல?"

கடைசியில் குஞ்சிதபாதத்தின் அக்காள், அதாவது அமிர்தலிங்கத்தின் சம்சாரம், இரண்டு பேரையும் சாப்பிடக் கூப்பிட்டு ஆள் அனுப்பிவிட்டாள். வீட்டில் குழம்பு ஆறிக்கொண்டிருந்த காரணத்தால் உடன்பாடு ஏற்பட்டது. இரண்டு கொடியும் சமமாகச் சுரண்டப்படும். நெய்னா உளியை எடுத்து, ஒரு விரல் அகலத்துக்குச் சுரண்டினார். வெள்ளை சுருண்டு வந்தது. மேல் கறுப்பு, மேல் சிவப்பு, அதற்கு அடியில் பழைய கறுப்பு, பழைய சிவப்பு. அதற்கும் அடியில் இரும்பு வரவில்லை. இன்னொரு சிவப்பு வந்தது. செங்கல் நிறத்தில், மங்கலாக.

அப்போதுதான் ரெத்தினம் சைக்கிளில் வந்து இறங்கினார். விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளர். சைக்கிளின் முன்னால் சின்னச் செங்கொடி கட்டியிருந்தது. இராஜாங்கத்துக்கு மூச்சு வந்தது. குடிமனைக்காகத் தாலுக்கா ஆபீஸ் வாசலில் அவரோடு வெயிலில் உட்கார்ந்த மனுஷன் இவர். ஏழுகண் மதகில் இராஜாங்கம் பாதியாவது நம்பின ஒரே ஆள்.

"என்ன தோழர், கதவு ஆச்சா?"

"இவங்க கொடியத்தான் சுரண்டிக்கிட்டிருக்காங்க தோழர். இன்னும் ஒரு கோடு பாக்கி. அதையும் எடுத்துட்டா கைடு நின்னுடுமாம்."

ரெத்தினம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தபோது அவர் முகத்தில் ஒரு பிரகாசம்.

"நிறுத்துங்க! இது யார் நிறம்?"

"இது யார் நிறமும் இல்லீங்க. துருப்பிடிக்காம இருக்கக் கம்பெனியில அடிக்கிற பிரைமர்" என்றார் நெய்னா.

"கம்பெனியில அடிச்சது யாரு? தொழிலாளி! பாருங்க தோழர்களே, எவன் எவன் மேல எதைப் பூசினாலும் அடியில இருக்கிறது நம்ம சிவப்புதான். இதைச் சுரண்ட விடமாட்டோம்."

"தோழர், எனக்குக் கதவு..."

"கதவு பெருசா, இயக்கம் பெருசா?"

"ஆர்.ஐ. வர்றவரைக்கும் கதவுதான் பெருசு" என்றார் இராஜாங்கம். ரெத்தினம் காதில் வாங்கவில்லை. மூன்று பேரும் ஒரு விரல் அகலத்து இரும்பைச் சுற்றி நின்றுகொண்டு, அந்த இரும்பு மட்டும் கண்ணில் படாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். குழம்பு ஆறிப்போயிருக்கும்.

நெய்னா சுரண்டின மட்டும் வைத்து ஒரு தடவை லிவரை அமுக்கிப் பார்த்தார். கவ்வி பள்ளத்துக்குள் பாதி, மேட்டில் பாதியாக உட்கார்ந்தது. முன்னைக்கு இப்போது கொஞ்சம் தேவலை. தள்ளினால் கொஞ்சம் யோசித்துவிட்டு நகர்ந்தது.

இந்த நேரத்தில் கஞ்சித் தூக்கோடு காளியம்மாள் வந்தாள். இராஜாங்கத்தின் சம்சாரம். காலில் சேறு முழங்கால்வரை. ஆடித் தண்ணீர் வாய்க்காலில் வந்துவிட்டதால் குடிசைக்குப் போகிற பாதை முழுக்கக் குழம்பிக் கிடந்தது.

"ஆர்.ஐ. ஜீப்பு மேலத்தெருவுக்கு வந்தாச்சுங்க. பண்ணை வீட்டுல எளநி குடிக்கிறாராம். இங்க என்ன, கதவு அறுக்கிறீங்களா, கதை பேசுறீங்களா?"

"பெயிண்டு" என்றார் இராஜாங்கம். மேற்கொண்டு விளக்க அவருக்கே அலுப்பாக இருந்தது. நெய்னாதான் சொன்னார். இந்தப் பட்டையில் கட்சிக்கொடி அடித்திருக்கிறது, சுரண்டக் கூடாதாம், சுரண்டாமல் பூட்டு பிடிக்காது.

காளியம்மாள் தூக்கைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். சேற்றுக்கையால் பட்டையின் பின்பக்கம் தடவினாள்.

"அந்தண்ட பக்கமும் அடிச்சிருக்கீங்களா?"

மூன்று கட்சியும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன.

"கண்ணுக்குத் தெரியாத பக்கத்துக்கு எவன் பெயிண்டு அடிப்பான்?" என்றார் அமிர்தலிங்கம்.

"அப்ப அதைத் திருப்பிப் போடுறதுதானே?"

நெய்னா தலையில் அடித்துக்கொண்டார். யார் தலையில் அடிக்க வேண்டும் என்று தெரியாமல் தன் தலையிலேயே அடித்துக்கொண்டதுபோல் இருந்தது. "படிச்சவன் எனக்குத் தோணலியேம்மா."

"அதுக்கு ஏன் அடிச்சுக்கிறே? போல்ட்டைக் கழட்டு" என்றாள் காளியம்மாள்.

கழற்றுவதற்கு முன்னால் அதற்கும் ஒரு கமிட்டி கூடிற்று. திருப்பிப் போட்டால் கொடி உள்பக்கம் பார்த்து மறைந்துவிடுமே, அது அவமரியாதை இல்லையா? அமிர்தலிங்கம் குஞ்சிதபாதத்தைப் பார்த்தார். அவர் கொடியும் மறையும் என்பதில் இவருக்கு ஆறுதல் பிறந்தது. குஞ்சிதபாதத்துக்கும் அதே ஆறுதல். ரெத்தினம், "அஸ்திவாரம் என்னைக்கும் மறைஞ்சுதான் இருக்கும் தோழர்" என்று தானாகவே ஒத்துக்கொண்டார். ஆட்சேபணை இல்லாமல் தீர்மானம் நிறைவேறிற்று.

நெய்னா போல்ட்டுகளைக் கழற்றி, பட்டையைத் திருப்பி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து மறுபடி மாட்டினார். நட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, லிவர் உள்ளங்கை அழுத்தத்தில் இறங்கும்படி வைத்தார். அமுக்கினார். டக் என்று ஒரு சத்தம். தள்ளினார். கைடு நகரவில்லை. குஞ்சிதபாதம் தள்ளினார். நகரவில்லை. மூன்று பேரும் சேர்ந்து தள்ள வந்தார்கள். "மேசை நகர்ந்துடும், விடுங்க" என்றார் நெய்னா.

"நின்னாப் போதாது. நேரா நிக்குதா?" என்றார் இராஜாங்கம்.

"அதுக்குத்தான் இது" என்று நெய்னா ஸ்கேலை எடுத்தார். ரம்பத்தின் ஒரு பல்லில் சாக்பீஸால் அடையாளம் போட்டு, அதை முன்பக்கம் கொண்டுவந்து கைடுக்கும் பல்லுக்கும் உள்ள தூரத்தை அளந்தார். அதே பல்லைக் கையால் சுற்றிப் பின்பக்கம் கொண்டுபோய் அங்கேயும் அளந்தார். "சரியா இருக்கு" என்றார்.

"ஸ்கேலு யாரோடது?"

"பட்டறையோடது."

"அப்ப வேண்டாம். எங்களுக்குக் கோல் போட்டு அளந்தவன் எவனும் கூடுதலா அளந்ததில்ல."

மூலையில் கிடந்த துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்கை உருவினார். முன்பக்கம் வைத்து, இடைவெளிக்குச் சரியாக நகத்தால் கிள்ளினார். பின்பக்கம் கொண்டுபோனார். ஈர்க்கு உள்ளே நுழைந்தது. ஒரு நெல் கனத்துக்குச் சந்து தெரிந்தது.

"இதுக்கு என்ன சொல்றே?"

நெய்னா ஸ்கேலை மறுபடி வைத்துப் பார்த்தார். "ஈர்க்கு வளைஞ்சிருக்கு பெரியவரே."

"கைடு வளையலியா?"

சண்டை போட நேரம் இல்லை. நெய்னா வேறு ஓர் ஈர்க்கை எடுத்து, வளையாததாகப் பார்த்து, அவர் கையிலேயே கொடுத்து அளக்கச் சொன்னார். முன்னும் பின்னும் ஒன்றாக இருந்தது. முந்தின ஈர்க்குதான் வளைந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. இராஜாங்கம் அதை ஒத்துக்கொள்ளவில்லை. "ஈர்க்கை எவன் நம்பறது" என்று இரண்டையும் தூர எறிந்தார்.

சுவிட்சைப் போட்டார்கள். பலகைகள் ஒவ்வொன்றாகப் போயின. வேப்பம்பலகையின் கசந்த வாசனை கொட்டகை முழுக்க நிறைந்தது. ஆப்பாய்ப் போன முதல் பலகையையும் மறுபடி விட்டு நேராக்கினார் நெய்னா. எல்லாவற்றையும் அடுக்கி ஓரத்தைக் கையால் தடவினால் ஒரே பலகைபோல இருந்தது. இராஜாங்கம் ஒவ்வொன்றையும் தூக்கி ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அது அவருக்குக் கொஞ்சம் கஷ்டமாகவே இருந்தது.

"இப்ப சொல்லுங்க. கைடு நின்னுச்சா இல்லையா?" என்றார் நெய்னா.

"நீ நிறுத்தியிருக்கே. அது நிக்கும்னு நான் சொல்லமாட்டேன்."

சட்டம் அடித்துக் கதவாக்க இன்னும் ஒரு நாழிகை வேலை இருந்தது. அதற்குள் ரோட்டில் ஜீப் சத்தம் கேட்டது. அமிர்தலிங்கம் ஓடிப்போய் கை காட்டினார். குஞ்சிதபாதம் அவருக்கு முன்னால் போய் நின்று கை காட்டினார். ரெத்தினம் சைக்கிளைக் குறுக்கே நிறுத்திவிட்டார். மூன்றில் எதனாலோ ஜீப் நின்றது.

ஆர்.ஐ. உள்ளேயிருந்தபடியே தலையை நீட்டினார். வாய்க்கால் பக்கம் திரும்பிப் பாதையைப் பார்த்தார். சேறு. தன் வெள்ளைப் பேண்ட்டைப் பார்த்தார். காளியம்மாளின் முழங்காலைப் பார்த்தார்.

"இராஜாங்கம்ங்கிறது யாரு? கதவு வெச்சாச்சா?"

"வெச்சாச்சு சார்!" என்றார் அமிர்தலிங்கம். "அரசின் ஆதரவில்..."

"எங்க ஆட்சியில ஆரம்பிச்ச பட்டறையில அறுத்தது சார்" என்றார் குஞ்சிதபாதம்.

"சங்கம் வெச்ச கோரிக்கை சார்" என்றார் ரெத்தினம்.

ஆர்.ஐ. கொட்டகைக்குள் அடுக்கியிருந்த பலகைகளை ஒரு பார்வை பார்த்தார். பேனாவைத் திறந்து, மடியில் வைத்தபடியே எழுத ஆரம்பித்தார். "நிலை... கதவுடன் கூடிய... வீடு" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினார்.

இராஜாங்கம் ஜீப் பக்கத்தில் போனார். "ஐயா, கதவு இன்னும் கதவாகலைங்க. பலகையாத்தான் இருக்கு. கொஞ்சம் வந்து வீட்டைப் பாத்துட்டு எழுதுங்க."

"எழுதியாச்சுய்யா. வீடுன்னே எழுதியாச்சு."

"பாக்காம எழுதிட்டீங்களே. 'கண்ணால பார்த்ததைத்தான் எழுத முடியும்'னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஏன்யா, வீடுன்னு எழுதினா உனக்கு வலிக்குதா? மாட்டுக்கொட்டாய்னு மாத்தட்டுமா?"

"ஐயையோ, வேண்டாங்க சார்!" என்று மூன்று கட்சியும் ஒரே குரலில் சொன்னன. அவர்கள் ஒரே குரலில் ஒன்றைச் சொல்லி இராஜாங்கம் கேட்டது அதுதான் முதல் தடவை. காளியம்மாள் அவர் இடுப்பு வேட்டியைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். ஜீப் கிளம்பிப் போய்விட்டது.

பட்டறை வாசலில் சோடா உடைத்தார்கள். "மனை உங்களுதாச்சு பெரியவரே! இனிமே எந்தக் கொம்பனும் அசைக்க முடியாது" என்று அமிர்தலிங்கம் அவர் தோளில் கை போட்டார். இராஜாங்கம் கையை எடுத்துக் கீழே விட்டார்.

"பண்ணை வீட்டுல எளநி குடிச்சுட்டு வந்தவன், பாக்காமலே வீடுன்னு எழுதுறான். நாளைக்கு இன்னொரு வீட்டுல எளநி குடிச்சா பாக்காமலே எழுதினதை அடிச்சுட்டுப் போவான். இதுல எதுங்க அசையாது?"

"உங்களுக்கு எதுலதான்யா நம்பிக்கை?" என்றார் குஞ்சிதபாதம்.

இராஜாங்கம் கதவுச் சட்டங்களையும் ஆணிப் பொட்டலத்தையும் காளியம்மாள் கையில் கொடுத்தார். பலகைகளைச் சேர்த்துக் கயிற்றால் கட்டி, துண்டைச் சும்மாடாகச் சுருட்டி வைத்துத் தலையில் ஏற்றிக்கொண்டார். நெய்னா ஒரு கை கொடுத்துத் தூக்கிவிட்டார்.

"அதான் எழுதியாச்சே. இனிமே எதுக்கு இந்த அவசரம்? நாளைக்கு மாட்டிக்கிடலாம்ல?" என்றாள் காளியம்மாள்.

"இன்னிக்கே மாட்டணும். அவன் பாக்காததை வேற எவனாவது வந்து பாத்துட்டுப் போகட்டும்."

சேற்றுப் பாதையில் இறங்கி நடந்தார். பின்னால் சோடாவுக்குக் கூப்பிட்டார்கள். தலைச்சுமையோடு திரும்பிப் பார்க்க முடியாது. சுமை இல்லாவிட்டாலும் அவர் திரும்பியிருக்கமாட்டார்.